மூடி திறக்கத் தெரியுமா?

ஒரு காலத்தில் பள்ளிக்கூடத்தில் சேர ஒரே ஒரு சான்றிதழ்தான் கேட்டார்கள்: காது. வலது கையைத் தலைக்கு மேலாகச் சுற்றிக்கொண்டுபோய் இடது காதைத் தொட வேண்டும். தொட்டுவிட்டால் ஒண்ணாப்பு. எட்டாவிட்டால், "அடுத்த வருஷம் கூட்டிட்டு வாங்க" என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். இதில் கொஞ்சம் அறிவியலும் உண்டு. சின்னப் பிள்ளைக்கு உடம்பைப் பார்க்கத் தலை பெரிசு, கை குட்டை. ஆறு வயதை ஒட்டித்தான் விரல் காதுக்கு எட்டும். கை எட்டாதபோது தலையைச் சாய்த்துக் காதைக் கைக்குக் கொண்டுவந்து சேர்ந்துவிட்ட கெட்டிக்காரர்களும் எங்கள் செட்டில் இருந்தார்கள். பின்னாளில் அரசியலில் நல்ல நிலைக்கு வந்தார்கள்.

காது தேறியதும் தலைமையாசிரியர் பிறந்த தேதியை எழுதுவார். எங்கள் வீடுகளில் தேதி என்று ஒன்றும் கிடையாது. நான் வைகை அணையைத் திறந்த தை மாசத்தில், மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் பிறந்தேன் என்று அம்மா சொல்வார். அணை திறந்தது 1959 ஜனவரியில். தலைமையாசிரியருக்கோ பள்ளி திறக்கும் நாளில் ஐந்து வயது நிறைந்த பையன் வேண்டும். கணக்கைப் பின்னோக்கி ஓட்டி, ஜூன் மாதத்தில் என்னைப் பிறக்க வைத்தார். என் வயதுக்காரர்கள் பத்துப் பேரைக் கூட்டிவைத்துக் கேட்டுப் பாருங்கள், பாதிப் பேர் மே, ஜூனில் பிறந்திருப்பார்கள். வங்கியிலிருந்து வருஷா வருஷம் ஜூன் மாதம் வாழ்த்துச் செய்தி வருகிறது. நன்றி சொல்லிவிடுவேன். வாழ்த்துகிறவர்களிடம் போய் வம்பு எதற்கு?

என் பேத்திக்கு அந்தச் சலுகையெல்லாம் இல்லை. அவள் 2021-இல், ஊரடங்கு நேரத்தில் பிறந்தவள். பிறந்து மாசக்கணக்கில் அவள் பார்த்த சொந்தக்காரர்களுக்கெல்லாம் கண்ணும் நெற்றியும் மட்டும்தான் இருந்தன. பிறந்த நேரம் நிமிஷத்தோடு ஆஸ்பத்திரிச் சீட்டில் இருக்கிறது. எல்.கே.ஜி.யில் சேர ஜூலை 31-க்குள் மூன்று வயது நிறைந்திருக்க வேண்டும் என்பது கணக்கு. அவள் நிறைத்துவிட்டாள். பக்கத்து வீட்டுப் பையன் ஆகஸ்ட் முதல் வாரத்தில் பிறந்தவன். ஒரு வருஷம் காத்திருக்க வேண்டும். "ஆபரேஷனுக்கு நாள் பாத்த சோசியர் நட்சத்திரத்தப் பாத்தாரே ஒழிய, அட்மிஷனப் பாக்கலியே" என்று அவன் அப்பத்தா இன்னமும் அங்கலாய்க்கிறார்.

எங்கே சேர்ப்பது என்பதில் வீடு இரண்டு கட்சியாகப் பிரிந்தது. என் மகன் அரசுப் பக்கம். தமிழ்நாட்டில் 2019 ஜனவரியில் அரசு நடுநிலைப்பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகள் தொடங்கினார்கள். அப்படி ஒரு வகுப்பு பக்கத்திலேயே நடக்கிறது. நடந்தே போய்விடலாம் என்பது அவன் கட்சி. மருமகள், "அங்கயும் நல்லாத்தான் சொல்லிக் குடுக்குறாங்க மாமா. ஆனா வேன் வராதே" என்றாள். நடந்து போகிற தூரத்துக்கு வேன் எதற்கு என்று மகன் கேட்டான். அதற்குப் பதில் சொல்ல வேண்டிய அவசியமே ஏற்படவில்லை. என் மனைவி மருமகள் கட்சியில் சேர்ந்துவிட்டாள். மாமியாரும் மருமகளும் ஒரே பக்கம் நின்ற அபூர்வ நிகழ்ச்சி என்பதால் மகன் எதிர்ப்பைக் கைவிட்டான். மஞ்சள் வேன் வாசலுக்கு வருகிற ஒரு பள்ளிக்கூடம் முடிவானது.

அங்கே நேர்முகத் தேர்வு உண்டு. நான் போடியில் ஒரு ஏலக்காய்க் கடையில் கணக்கு எழுதி ஓய்ந்தவன். மலையிலிருந்து இறங்குகிற காயைச் சல்லடையில் போட்டுக் குலுக்குவார்கள். எட்டு மில்லிக் கண்ணில் விழாமல் மேலே நிற்பது முதல் ரகம். ஏழு மில்லியில் நிற்பது அடுத்தது. அதற்கும் கீழே விழுந்ததைக் கேட்ட விலைக்குத் தள்ளிவிட வேண்டியதுதான். பள்ளிக்கூட வராந்தாவில், எண்ணெய் தேய்த்துத் தலை சீவி, புது கவுன் போட்டு வரிசையாக உட்கார்ந்திருந்த பிள்ளைகளைப் பார்த்ததும் எனக்கு அந்தச் சல்லடைச் சத்தம் காதில் கேட்டது.

இப்படிச் சலிக்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், சேர்க்கைக்காகப் பிள்ளையையோ பெற்றோரையோ தேர்வு வைத்து வடிகட்டினால் முதல் தடவை 25,000 ரூபாய் வரை, அடுத்தடுத்த ஒவ்வொரு தடவைக்கும் 50,000 ரூபாய் வரை அபராதம் என்கிறது. ஆனால் அந்தச் சட்டம் பிள்ளை என்று சொல்வது ஆறு முதல் பதினான்கு வயது வரை உள்ளவர்களை. மூன்று வயதுக்காரி சட்டத்தின் கண்ணில் இன்னும் பிள்ளையே ஆகவில்லை. எங்கள் வீட்டில் அவள்தான் முதலாளி என்பது டெல்லிக்கு எப்படித் தெரியும்?

தேர்வுக்கு முந்தைய நாட்களில் வீட்டில் பயிற்சி முகாம். எழுந்ததும் ஒருவர், பல் தேய்க்கும்போது ஒருவர், சோறு ஊட்டும்போது ஒருவர் என்று முறை வைத்து, "வாட் இஸ் யுவர் நேம்?" என்று கேட்டோம். உத்தமபாளையத்திலிருந்து மருமகளின் தம்பி வீடியோ காலில் வந்து கேட்டான். பால்காரர் கேட்டார். பேத்தி எல்லோருக்கும் பொறுமையாகப் பதில் சொன்னாள்.

தேர்வு அறையில் மேடம் சிரித்த முகமாக முன்னால் குனிந்து, "வாட் இஸ் யுவர் நேம்?" என்றார். பேத்தி அம்மாவைத் திரும்பிப் பார்த்து, கவலையோடு, "இவங்களுக்கும் மறந்துபோச்சா?" என்றாள்.

அடுத்து ஒரு தட்டில் பிளாஸ்டிக் பழங்கள். மேடம் வாழைப்பழத்தை எடுத்து, "வாட் கலர்?" என்றார். மருமகள் உதட்டை அசைக்காமல் "யெல்லோ, யெல்லோ" என்று முணுமுணுத்தது எனக்கே கேட்டது. பேத்திக்குத் தெரியாமல் இல்லை. அவள் பழத்தை வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இது எந்த வாழப்பழம்?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. சின்னமனூரிலிருந்து வீட்டுக்கு வருகிற செவ்வாழை சிவப்பு. பச்சை வாழை பழுத்த பிறகும் பச்சை. வாழைப்பழம் என்றால் மஞ்சள் என்பது வாழை விளையாத ஊரில் படம் வரைந்தவர் சொல்லிவிட்டுப் போனது. கம்பம் பள்ளத்தாக்குப் பிள்ளை ரகம் தெரியாமல் நிறம் சொல்லாது. மேடம் தாளில் எதையோ எழுதினார். எட்டு மில்லியா ஏழு மில்லியா என்று எட்டிப் பார்த்தேன், தெரியவில்லை.

பிறகு பெற்றோருக்குக் கேள்வி. "வீட்ல இங்கிலீஷ் பேசுவீங்களா சார்?" மகன் யோசித்து, "கோவம் வந்தா மட்டும் மேடம்" என்றான். இடம் கிடைத்துவிட்டது. உண்மை பேசியதாலா, முழுப் பணத்தையும் ஒரே தவணையில் கட்டியதாலா என்று நாங்கள் ஆராயவில்லை.

வாங்க வேண்டிய பொருட்களின் பட்டியல் வந்தது. அரிச்சுவடி, ஆங்கில எழுத்துப் புத்தகம், எண் புத்தகம், வண்ணம் தீட்டும் புத்தகம், பாட்டுப் புத்தகம், நாலு கோடு நோட்டு, இரண்டு கோடு நோட்டு, கட்டம் போட்ட நோட்டு. 1837-இல் ஜெர்மனியில் ஃப்ரோபெல் என்பவர் சின்னப் பிள்ளைகளுக்கென்று இப்படி ஒரு பள்ளியை முதன்முதலாகத் தொடங்கியபோது, அவர் பிள்ளைகள் கையில் கொடுத்தது கம்பளி நூல் பந்து, மர உருண்டை, மரக் கட்டைகள். எங்கள் பட்டியலை மேலிருந்து கீழ், கீழிருந்து மேல் என்று தேடினேன், பந்து இல்லை. பென்சில் சீவுகிற சாமான் இருந்தது.

சீருடை தைக்கப் போனோம். அளவெடுக்கும்போது தையல்காரர் ஒரு தடவைகூட நாடாவைப் பார்க்கவில்லை; என் மனைவியின் முகத்தைத்தான் பார்த்தார். "வளர்ற பிள்ளை, கொஞ்சம் தாராளமா விடுங்க" என்றாள் அவள். அவர் விட்டார். "இன்னும் கொஞ்சம்." அவர் இன்னும் விட்டார். துணி வந்தபோது பாவாடை கணுக்காலுக்கு இறங்கியிருந்தது. சட்டைக் கை விரல்நுனியைத் தாண்டியது. "மூணாப்பு வரைக்கும் காணும்" என்று என் மனைவி திருப்திப்பட்டாள். மூணாப்பில் சீருடையின் நிறத்தை மாற்றிவிடுவார்கள் என்று மகன் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை.

பைக்குள் பட்டியலில் உள்ள எல்லாவற்றையும் அடுக்கி முதுகில் மாட்டினோம். பேத்தி நின்ற நிலையிலேயே மெள்ளப் பின்னால் சாய்ந்து, பையின் மேல் உட்கார்ந்துகொண்டாள். வசதியாக இருந்திருக்க வேண்டும், எழுந்திருக்க மறுத்துவிட்டாள்.

தண்ணீர் பாட்டிலுக்கு ஒரு பொத்தானை அமுக்கினால் மூடி துள்ளும், இன்னொன்றை அமுக்கினால் குழாய் எழும்பும், மூன்றாவது எதற்கென்று கடைக்காரருக்கே தெரியவில்லை. சாப்பாட்டு டப்பா நாலு பக்கமும் கொக்கி போட்டது. "தலைகீழாப் புடிச்சாலும் ஒரு சொட்டு ஒழுகாதுண்ணே" என்று தலைகீழாகப் பிடித்துக் காட்டினார். ஒழுகவில்லை. வாங்கி வந்துவிட்டோம்.

இதற்கிடையில் சித்திரை வந்தது. வீரபாண்டியில் கௌமாரியம்மன் திருவிழா. எட்டு நாளும் முல்லையாற்றங்கரை நிரம்பி வழியும். அக்கினிச்சட்டி ஒரு பக்கம், ஆயிரங்கண் பானை ஒரு பக்கம், ராட்டினம் ஒரு பக்கம். என் மனைவி கூட்டத்துக்குள் எங்களை நிறுத்திவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு உரக்கவே வேண்டினாள்: "ஆத்தா, எம் பேத்தி அழாமப் பள்ளிக்கூடம் போயிட்டு வந்துட்டா, அடுத்த சித்திரைக்கு ஆயிரங்கண் பானை எடுக்குறேன்."

"பிள்ளை அழாம இருக்குறதுக்கெல்லாமா நேர்ந்துக்குவாங்க?" என்றேன்.

"ஒங்க மகன் மொதநாளு அழுத அழுகை ஒங்களுக்கு எங்க தெரியும்? நீங்க ஏலத்துக்குப் போயிட்டீக" என்றாள். அதற்கு மேல் நான் பேசவில்லை. மகனும் பேசவில்லை. ராட்டினத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மே கடைசியில், உறைமோர் வாங்குவதற்காக எங்கள் தெருவில் இருக்கிற ஆயா வந்தார். அங்கன்வாடியில் ஆயாவாக இருந்து ஓய்வு பெற்றவர். 1975 அக்டோபர் 2-ஆம் தேதி நாடு முழுக்க 33 வட்டாரங்களில் சோதனையாகத் தொடங்கிய திட்டம் அது. இன்று தமிழ்நாட்டில் மட்டும் 54,000-க்கும் மேற்பட்ட மையங்கள். ஊர் இதைச் சத்துமாவு கொடுக்கிற இடம், முட்டை போடுகிற இடம் என்றுதான் சொல்லும். பாடத்திட்டமும் உண்டு, அதற்குப் பெயரே 'ஆடிப் பாடி விளையாடு பாப்பா'. எங்கள் தெருவில் இப்போது மீசையை முறுக்கிக்கொண்டு திரிகிற பாதிப் பேருக்கு மூக்குத் துடைத்துவிட்டவர் இந்த ஆயா. அதனால் அவர் வந்தால் வாலிபப் பையன்கள் கொஞ்சம் அடக்கமாக நிற்பார்கள்.

மருமகள் பெருமையோடு பேத்தியை நிறுத்தினாள். ஏ-யிலிருந்து இசட் வரை, ஒன்றிலிருந்து இருபது வரை, கிழமைகள், மாதங்கள், இரண்டு இங்கிலீஷ் பாட்டு. ஆயா வெற்றிலையை மடித்தபடி முழுவதும் கேட்டார்.

"நல்லாச் சொல்லுதும்மா. டப்பா மூடி தெறக்கத் தெரியுமா?"

வீட்டில் ஒரு நிமிஷம் யாரும் பேசவில்லை. கொக்கி டப்பாவைக் கொண்டுவந்து பேத்தியிடம் கொடுத்தோம். அவள் கொக்கியை இழுத்தாள், தள்ளினாள், கடித்தாள். மருமகள் காட்டிக்கொடுக்கப் போய் நகம் பிய்ந்தது. மகன் கரண்டிக் காம்பை நுழைத்து நெம்பினான். டப்பா துப்பாக்கிச் சத்தத்தோடு திறந்தது. உள்ளே போட்டுவைத்திருந்த சீடை கட்டிலுக்கு அடியில், பீரோவுக்கு அடியில், தொலைக்காட்சிக்குப் பின்னால் என்று உருண்டோடியது. கடைக்காரர் சொன்னது சத்தியம்: ஒரு சொட்டு ஒழுகாது. திறக்கவும் திறக்காது.

"டவுசர் பட்டன் கழட்டுமா? ஒண்ணுக்கு வந்தா முன்னாடியே சொல்லுமா, ஈரமானதுக்குப் பொறவு சொல்லுமா? தஞ் செருப்பு எதுன்னு தெரியுமா? மூக்குச் சிந்தத் தெரியுமா?" ஆயா அடுக்கிக்கொண்டே போனார். நாங்கள் எல்லாக் கேள்விக்கும் தலையைக் கீழே போட்டுக்கொண்டோம். "ஏ பி சி டி-ய டீச்சர் சொல்லிக் குடுப்பாகண்ணே, அதுக்குத்தான அவகளுக்குச் சம்பளம். மணி அடிச்சதும் அம்புட்டு டப்பாவும் ஒரே நேரத்துல நீளும். அங்க இருக்குறது ஒரே ஒரு ஆயா, ரெண்டே ரெண்டு கை. பசிச்ச பிள்ளைக்கு மூடி தெறக்கலன்னா அழுகை. ஒண்ணு அழுதா போதும், மத்தது எல்லாம் கூடச் சேந்துக்கும். நானும் எத்தனையோ பிள்ளைகளப் பாத்துட்டேன். மொதநாளு அழுகையில பாதி அம்மாவத் தேடி அழுகுறது இல்ல, மூடி தெறக்காம அழுகுறதுதான்."

உறைமோரை வாங்கிக்கொண்டு போய்விட்டார். ஆயா சொன்னதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை; அதே விஷயத்தைச் சொன்ன இன்னொரு அம்மாளைப் பற்றி நான் படித்திருக்கிறேன். அவர் இத்தாலிக்காரர், மரியா மாண்டிசோரி. அவர் பெயரில் நம் ஊர்களில் தெருவுக்கு ஒரு பள்ளிப் பலகை தொங்குகிறது. படித்தது டாக்டர் படிப்பு. 1907-இல் ரோம் நகரத்து ஏழைக் குடியிருப்பு ஒன்றில் முதல் பள்ளியைத் தொடங்கினார். அங்கே அவர் செய்த ஒரு காரியத்தை அவரே எழுதிவைத்திருக்கிறார். ஒருநாள் பிள்ளைகளுக்கு மூக்குச் சிந்துவது எப்படி என்று பாடம் நடத்தினார். கைக்குட்டையை எப்படி மடிப்பது, சத்தம் வராமல் எப்படிச் சிந்துவது என்று ஒவ்வொன்றாகச் செய்து காட்டினார். முடித்ததும் வகுப்பு முழுவதும் கைதட்டியது. அதுவரை எல்லோரும் மூக்கைச் சிந்து, சிந்து என்று அந்தப் பிள்ளைகளை வைதார்களே தவிர, எப்படி என்று யாரும் காட்டியதில்லை.

மாண்டிசோரி பள்ளியில் மரச்சட்டத்தில் துணியைக் கட்டி, பட்டன் போட, கழற்ற, கயிறு முடிய, கொக்கி மாட்டப் பழக்குவார்கள். தண்ணீரை ஒரு குவளையிலிருந்து இன்னொன்றுக்குச் சிந்தாமல் ஊற்றப் பழக்குவார்கள். எழுத்து அதற்குப் பிறகு. பட்டன் பழகிய விரலுக்குப் பென்சில் தானாகப் படியும் என்பது அவர் கணக்கு.

இந்த அம்மாள் 1939-இல் சென்னை அடையாறுக்கு, பிரம்மஞான சபைக்கு, ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்க வந்தார். அடுத்த வருஷம் இத்தாலி போரில் இறங்கியது. இத்தாலிக்காரர்கள் எல்லாம் எதிரி நாட்டவர் என்று, கூட வந்த மகன் மரியோவை வெள்ளைக்கார அரசு முகாமில் அடைத்தது. அந்த அம்மாளின் எழுபதாவது பிறந்தநாளுக்குப் பரிசாக விடுதலை செய்தது. பிறந்தநாளுக்கு அரசாங்கமே பரிசு அனுப்பியிருக்கிறது. எனக்கு வங்கிக் குறுஞ்செய்தி வருகிறது. போர் நடந்த வருஷங்களில் கொஞ்ச காலம் அவர் கொடைக்கானலில் தங்கிப் பிள்ளைகளோடு வேலை செய்தார். பெரியகுளத்தில் நின்று அண்ணாந்தால் தெரிகிறதே, அதே மலை. மேலே அந்த அம்மாள் பட்டனில் தொடங்கியதை, கீழே எங்கள் தெரு ஆயா டப்பா மூடியில் தொடங்குகிறார். ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை. ஒருவருக்கு உலகம் முழுக்கப் பள்ளிகள். இன்னொருவருக்கு நாங்கள் அன்றைக்குக் கொடுத்தது அரைத் தம்ளர் மோர்.

மறுநாளே பாடத்திட்டத்தை மாற்றினோம். கொக்கி டப்பாவை மருமகள் பரணில் போட்டாள். என் மனைவி தன் சீதனத்தில் வந்த எவர்சில்வர் டப்பா ஒன்றைத் துலக்கி எடுத்தாள். விளிம்பில் விரல் கொடுத்துத் தூக்கினால் மூடி வரும். பேத்தி வாசலில் உட்கார்ந்து அதைத் திறந்து மூடினாள். வந்துவிட்டது என்று தெரிந்ததும் அவளுக்கு உலகம் பிடிபட்டது. கடுகு டப்பாவைத் திறந்தாள். சீனி டப்பாவைத் திறந்தாள். அப்பத்தாவின் வெற்றிலைச் செல்லம், என் மூக்குக்கண்ணாடிக் கூடு, மகனுடைய சவரப் பெட்டி, பக்கத்து வீட்டு ஊறுகாய் ஜாடி. மூடி என்று எது கண்ணில் பட்டாலும் விடுவதில்லை. எங்கள் வீட்டில் அந்த நாட்களில் எறும்பு வராத பண்டமே கிடையாது.

செருப்புப் பாடத்துக்கு ஆயாவே ஒரு வழி சொல்லியிருந்தார். "ரெண்டு செருப்பும் ஒண்ண ஒண்ணு பாத்துச் சிரிக்கணும். மொகத்தத் திருப்பிக்கிட்டு நின்னா மாத்திப் போட்டிருக்கன்னு அர்த்தம்." பேத்தி ஒவ்வொரு தடவையும் குனிந்து செருப்புகள் சமாதானமாக இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டுத்தான் காலை நுழைப்பாள். வீட்டுக்கு வந்த விருந்தாளிகளின் செருப்பையும் சமாதானம் செய்துவைத்தாள். மூக்குப் பாடத்தை நானே எடுத்தேன். முடித்ததும் ரோமில் நடந்தது போடியிலும் நடக்கும் என்று எதிர்பார்த்தேன். பேத்தி கைதட்டவில்லை. என் கைக்குட்டையை வாங்கி ஒருமுறை சிந்திவிட்டு மடித்து என் சட்டைப்பையிலேயே வைத்தாள்.

ஜூன் பிறந்தது. ஜூன் 1 என்றால் எங்கள் பள்ளத்தாக்குக்குத் தண்ணீர் திறக்கிற நாள். பெரியாறு அணை நீர்மட்டம் கைகொடுத்தால், 14,707 ஏக்கர் முதல் போக நெல்லுக்குத் தேக்கடி மதகைத் திறந்து பூத் தூவுவார்கள். 2024-லும் அன்றைக்கே திறந்துவிட்டார்கள். பள்ளிக்கூடம்தான் திறக்கவில்லை. ஜூன் 6 என்றார்கள், வெயில் குறையவில்லை என்று 10-ஆம் தேதிக்குத் தள்ளினார்கள். உத்தமபாளையத்தில் அம்மாச்சி வீட்டுப் பக்கம் வாய்க்காலில் தண்ணீர் ஓடுவதைப் பார்த்துவிட்டு வந்த பேத்தி, "தண்ணி வந்துருச்சு, பள்ளிக்கூடம் எப்ப வரும்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். கணுக்கால் வரை இறங்கிய சீருடையை மாட்டிக்கொண்டு, பையின் மேல் உட்கார்ந்து வேனுக்குக் காத்திருக்கிற ஒத்திகை தினமும் காலையில் வாசலில் நடந்தது. கேரளத் தோட்ட வேலைக்கு ஜீப்பில் ஏறப்போகிற பெண்கள், "என்னத்தா, நீயும் காப் பறிக்க வாறியா?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள்.

10-ஆம் தேதி வேன் வந்தது. பேத்தி குனிந்து செருப்பைப் பார்த்தாள், ஏறினாள், போய்விட்டாள். அழவில்லை. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என் மனைவி வீரபாண்டித் திசையைப் பார்த்துக் கும்பிட்டாள்.

மதியம் வேன் திரும்பியபோது தெருமுனையிலேயே அழுகைச் சத்தம் கேட்டது. எங்கள் வீட்டு அழுகைதான். இறங்க மாட்டேன் என்று கம்பியைப் பிடித்துக்கொண்டு கதறினாள். வேனில் வந்த ஆயாம்மா சிரித்துக்கொண்டே விவரம் சொன்னார். இடைவேளை மணி அடித்ததும் பேத்தி தன் டப்பாவைத் திறந்திருக்கிறாள். பக்கத்துப் பெண்ணால் முடியவில்லை என்றதும் அதையும் திறந்து கொடுத்திருக்கிறாள். அந்த வரிசை முடிந்ததும் அடுத்த வரிசைக்குப் போய்விட்டாளாம். டீச்சர் அன்றைக்கு ஒரே ஒரு மூடிகூடத் திறக்கவில்லை. கடைசியாக ஒரு பையன் மூன்று பொத்தான் வைத்த தண்ணீர் பாட்டிலை நீட்டியிருக்கிறான். இரண்டு பொத்தானைக் கண்டுபிடித்துவிட்டாள். மூன்றாவதைக் கண்டுபிடிப்பதற்குள் வீட்டு மணி அடித்துவிட்டது. அதற்குத்தான் அழுகை.

இப்போது வீட்டில் நடக்கிற வழக்கு இதுதான்: நேர்த்திக்கடன் உண்டா, இல்லையா? "அழாமப் போயிட்டு வந்துட்டா" என்றுதான் வேண்டுதல். போனது அழாமல். வந்தது அழுதுகொண்டு. நிபந்தனை நிறைவேறவில்லை, பானை தேவையில்லை என்கிறாள் மருமகள். அழுதது வீட்டுக்கு வர மாட்டேன் என்றுதானே, அம்மனுக்குக் கணக்குத் தெரியாதா, முழுப் பானையும் எடுத்தே தீருவேன் என்கிறாள் என் மனைவி. மாமியாரும் மருமகளும் பழையபடி எதிரெதிர்க் கட்சி ஆனதில் வீடு ஒரு நிலைக்கு வந்திருக்கிறது. மகன் சமரசத் திட்டம் ஒன்று வைத்திருக்கிறான்: போனதுக்குப் பாதி, வந்ததுக்குப் பாதி, ஆயிரங்கண் வேண்டாம், ஐந்நூறு கண் வைத்த பானையாக எடுத்தால் போதும். அப்படி ஒரு பானை கிடைக்குமா என்று வேளாரிடம் விசாரித்து வருகிற பொறுப்பு, கணக்கு எழுதிப் பழக்கப்பட்டவன் என்ற முறையில் என் தலையில் விழுந்திருக்கிறது.